பனியில் நின்ற வண்டியைத் தேடுகிறவர்கள்

யாராவது ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரின் பெயரைச் சொன்னதும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அடுப்பில் வைத்த கெண்டி கொதிக்கிறதா என்று காது கொடுப்பவரைப் போல வைத்துக்கொண்டு, "அதுல அந்த நாலாவது பாகம் பார்த்திருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்கிறவர்களை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். வருடக்கணக்காக அதே சாய்வு, அதே கேள்வி. நீங்கள் பார்த்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். யாருமே பார்க்க முடியாது. அந்த நாலாவது பாகம் இப்போது உலகத்திலேயே இல்லை. அதனால்தான் கேட்கிறார்.

இந்த இனத்துக்குத் தொலைந்த பாகத்து ஆசாமிகள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆண்கள் அதிகம், பெண்களும் உண்டு. உள்ளே வந்த பிறகும் மழைக்கோட்டைக் கழற்ற மாட்டார்கள். அதன் பையில் எப்போதும் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை இருக்கும். என்றைக்காவது ஒரு படச்சுருள் கிடைத்தால் வெறுங்கையால் தொடக் கூடாது அல்லவா? அந்த நாள் வராததால் கையுறை பிஸ்கட் தூள் படிந்து கிடக்கும். பழைய சாமான் விற்பனை எங்கே நடந்தாலும் கதவு திறக்கும் முன்பே போய் நின்று, திரைச்சீலைகளையும் சீனத் தட்டுகளையும் தாண்டி ஓடி, வட்டமாக இருக்கிற தகர டப்பா எதுவானாலும் திறந்து மோந்து பார்ப்பார்கள். பழைய ஃபிலிம் கெட ஆரம்பித்தால் வினிகர் வாடை வரும். பிரிட்டனில் கீத்லி என்ற ஊரில் இவர்கள் மூக்கை விடாத கேக் டப்பா கிடையாது. வெங்காயம் ஊறிக்கொண்டிருந்த டப்பா ஒன்றைத் திறந்து, கண்ணில் நீர் வழிய, "கிடைச்சிருச்சு" என்று ஒருவர் கத்தியதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இப்படி ஓர் இனம் எப்படி உண்டாயிற்று? அந்தக் காலத்தில் தொலைக்காட்சி நிலையங்களில் டேப் என்பது அருமையான சாமான். குழந்தைகளுக்கு ஒரு பொம்மை நாடகத்தைக் காட்டி முடித்ததும், அதே டேப்பின் மேல் குதிரைப் பந்தயத்தைப் பதிந்துவிடுவார்கள். பார்த்தவர்களுக்கு ஏழு வயது. அவர்கள் என்ன, கொடி பிடித்து ஊர்வலமா போவார்கள்? போகவில்லை. வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், முடி உதிர்ந்தது, ஓய்வு பெற்றார்கள். அதற்கப்புறம்தான் ஒருநாள் திடீரென்று, தங்களிடமிருந்து எதையோ யாரோ திருடிவிட்டார்கள் என்று கண்டுபிடித்தார்கள்.

அழியாமல் தப்பிய பாகங்கள் கடையிலேயே கிடைக்கின்றன. அவற்றை இவர்கள் பார்ப்பதில்லை. கையில் இருப்பதை யார் பார்ப்பார்கள்?

கீத்லியில் இவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அவர்கள் தேடுகிற தொடரின் பெயர் 'கடைசிப் பெட்டி'. சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் மிஸ்டர் டிம்ஸ் என்ற கார்டு இருப்பார். அவரோடு அகதா என்ற பொம்மை வாத்தும் குடியிருக்கும். ரயில் போகும். அவர்கள் பேசுவார்கள். ரயில் நிற்கும். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் சங்கத்துத் தலைவர் கிளிஃபர்ட் ஓல்ட்ராய்டு, வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், அதில் மனித வாழ்க்கை மொத்தமும் இருக்கிறது என்பார். மெதடிஸ்ட் தேவாலயத்துப் பின்னால் இருக்கும் கூடத்தில் வருடத்துக்கு ஒரு தடவை கூட்டம். பெரிய தேநீர்ப் பாத்திரம், பன்றித்தொடை சாண்ட்விச், இஞ்சிக் கேக். கேக் ஆறுவதற்குள் யாராவது ஒருவர் அகதாவின் கழுத்து நீளம் பற்றிச் சண்டை ஆரம்பித்துவிடுவார்.

கிளிஃபர்ட்டிடம் ஒரு பொக்கிஷம் உண்டு. சிறுவனாக இருந்தபோது தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தொலைந்துபோன பாகங்களில் ஒன்றான அறுவடைப் பாகத்தின் ஒலியை மட்டும் பதிந்து வைத்திருக்கிறார். சரியாக நடுவில் அவருடைய அம்மா வந்துவிடுகிறார். "கிளிஃபர்ட்! கோழிக்கூட்டைச் சாத்தினியா இல்லையா?" வருடம்தோறும் அந்த டேப்பைப் போடும்போது, அந்த இடம் வந்ததும் கூடம் முழுவதும் ஒரே குரலில், வழிபாட்டில் பதில் சொல்கிறவர்களைப் போல, "கோழிக்கூட்டைச் சாத்தினியா இல்லையா?" என்று சொல்லும். லீட்ஸிலிருந்து புதிதாக வந்த ஒருவர், அது ஸ்டேஷன் மாஸ்டர் மனைவியின் குரல் என்றும், சாத்தப்படாத கோழிக்கூடு யுத்தத்துக்குப் பிந்திய பிரிட்டனைக் குறிக்கிறது என்றும் சங்கத்து மலரில் கட்டுரை எழுதினார். கிளிஃபர்ட் திருத்தவில்லை. அம்மாவுக்குப் பெருமைதானே.

இந்தக் கூட்டத்தில்தான் தெல்மா கிரீன்வுட் இருக்கிறாள்.

தெல்மா பதினைந்து வயதில் பள்ளியை விட்டுக் கம்பளி ஆலைக்குப் போனவள். ஆலை மூடிய பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தவள். பேச வராது. பஸ்ஸில் தான் இறங்க வேண்டிய இடத்தில் மணியடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது மணியடித்து இறங்கும் இடம் வரை போய், அவர்களோடு இறங்கி நடந்து திரும்புகிறவள். முதல் கூட்டத்துக்கு வந்தபோது கதவோரத்து நாற்காலியில், காற்று சில்லென்று காலில் அடிக்க உட்கார்ந்திருந்தாள். "'பனியில் நின்ற வண்டி' பாகத்தைப் பார்த்த ஞாபகம் இங்கே யாருக்காவது இருக்கா?" என்று கிளிஃபர்ட் கேட்டார். பெயர் மட்டும் மிஞ்சிய இன்னொரு தொலைந்த பாகம் அது. வழக்கமாகக் கேட்கிற கேள்வி. வழக்கமாக யாரும் பதில் சொல்வதில்லை. தெல்மாவின் கை மார்பு உயரம் வரை எழுந்தது.

கூடம் முழுக்கத் திரும்பியது. அவள் பிறந்ததிலிருந்து அத்தனை பேர் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்ததில்லை.

"வண்டி பனியில நின்னுடும்," என்றாள். பெயரிலேயே அது இருந்தது. "அகதா... வெளியில போச்சுன்னு நினைக்கிறேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"அடேயப்பா! இறக்கையில விளக்கு ஏதாவது வச்சிருந்துதா?"

தெல்மா கண்ணை மூடினாள். கேட்ட மாத்திரத்தில் விளக்கு தெரிந்தது. "வச்சிருந்துது."

இப்படித்தான் விளக்கு வந்தது. மறு வருடம் ஒருவர் காற்று அடித்ததா என்று கேட்டார்; காற்று வந்தது. இன்னொருவர் டிம்ஸ் அழுதாரா என்றார், அழுதார். பிறகு வந்த வருடங்களில், விடியும் நேரத்தில் ஊர் சனம் மொத்தமும் ஆளுக்கொரு விளக்கோடு பனிக்காட்டைத் தாண்டி வர, முன்னால் அந்தச் சின்ன வாத்து தத்தித் தத்தி நடந்து வரும் காட்சியும் சேர்ந்தது. அதைக் கேட்டுச் சங்கத்திலிருந்த இன்ஜினியர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் பொய் சொன்னாள் என்று நினைத்துவிடாதீர்கள். சொல்லச் சொல்ல அவளுக்கு ஞாபகம் வந்தது. நம்மில் யாருக்கு அப்படி வரவில்லை?

கதவோரத்திலிருந்து அவளை ஹீட்டர் பக்கத்துக்கு மாற்றினார்கள். கேக்கின் முதல் துண்டு அவளுக்கு. கிளிஃபர்ட் வாசல் வரை வந்து கோட்டைப் பிடித்து மாட்டிவிடுவார். வருடத்தில் ஒரே ஒரு மதியம், பூகோள வாத்தியார்களும் வங்கி அதிகாரிகளும் உருளைக்கிழங்கு மசித்தவளின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மிச்ச நாட்களை அவள் அந்த மதியத்தை வைத்துத்தான் ஓட்டினாள்.

அப்புறம் அது கிடைத்துவிட்டது.

மோர்கம் என்ற கடலோர ஊரில் நெவில் டாட்டர்சால் என்பவர், காலமான தன் மாமாவின் கார் ஷெட்டை ஒழித்துக்கொண்டிருந்தார். மாமா கப்பலில் பணியாளாக இருந்தவர். பயணிகளின் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுவது அவர் வேலைகளில் ஒன்று. பெயின்ட் டப்பாக்களுக்கு அடியில் ஒரு வட்டத் தகரம். மேலே 'கடைசிப் பெட்டி: பனியில் நின்ற வண்டி' என்று ஒட்டியிருந்தது. சங்கத்தின் பெயரை எங்கோ பார்த்து, பாவம், நல்ல மனதோடு போன் செய்துவிட்டார்.

சங்கம் துள்ளிக் குதித்திருக்கும் என்று நினைப்பீர்கள். அவசரக் கூட்டம் போட்டார்கள். முகங்களைப் பார்த்தால் யாருக்கோ ஆபரேஷன் என்று தோன்றும். படத்தை ஓட்டினால் சுருள் தேயும் என்றார் ஒருவர். பார்க்காமலே பத்திரமாக வைத்திருப்பதுதான் உண்மையான மரியாதை என்றார் இன்னொருவர். ஒரு வருடம் ஆறப்போடலாம் என்று மூன்றாவது ஆள். தகரத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நெவில், மாறி மாறி எல்லார் முகத்தையும் பார்த்தார்.

"ஏங்க, தெரியாமத்தான் கேக்குறேன். அப்ப எதுக்குங்க தேடுனீங்க?"

ஆளாளுக்குப் பையில் நாட்குறிப்பைத் தேடினார்கள். சனிக்கிழமை மதியம் திரையிடுவதென்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை தெல்மா டோஸ்ட்டைக் கருக்கினாள். அவளோடு வசிக்கும் அக்கா பெரில், சங்கத்தில் சேராதவள், கேக்குக்காக மட்டும் வருகிறவள், கத்தியால் கரியைச் சுரண்டிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்னடி, உன் வாத்து கிடைச்சிருச்சாமே. மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

"சந்தோஷமாத்தான்க்கா இருக்கேன்."

"இதுவா சந்தோஷம்? பல்லு புடுங்கப் போறவ கூட உன்னைவிடத் தெளிவா இருப்பா."

தெல்மா தேநீரைக் கிளறினாள். சர்க்கரை போட்டிருக்கவில்லை. "நான் சொன்ன மாதிரி இல்லேன்னா?"

"இல்லேன்னா என்ன, தூக்குலயா போடுவாங்க?"

தூக்கில் போட மாட்டார்கள். அது தெல்மாவுக்கும் தெரியும். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசமாட்டார்கள். கேக்கை வேறு பக்கமிருந்து பரிமாறத் தொடங்குவார்கள், அவ்வளவுதான். கிளிஃபர்ட் வேறு யாருக்கோ கோட்டை மாட்டிவிடுவார். அவள் மறுபடி வாயில்லாதவளாகிவிடுவாள். 'ஒரு பொம்மை வாத்துக்காக டோஸ்ட்டைக் கருக்குகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. இரண்டாவது டோஸ்ட்டையும் கருக்கினாள்.

கூடத்தில் திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். எல்லாரும் முதன்முறையாக வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள், சுருளைத் தொடப் போவது ஒருவர்தான் என்றாலும். இயந்திரம் கரகரத்தது. திரையில் கோடுகள் ஓடின. மிஸ்டர் டிம்ஸ் வந்தார்.

டிம்ஸ் ஸூப் காய்ச்சிக்கொண்டிருந்தார். வண்டி பனியில் நின்றுவிட்டது என்று வாயால் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே பனி என்று யாரோ தலையணையைக் கிழித்து இறகைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அகதா ஸூப்பைக் குடித்துப் பார்த்து உப்பு இல்லை என்றது. இருக்கிறது என்றார் டிம்ஸ். இல்லை என்றது அகதா. இந்த விவகாரம் நெடுநேரம் நடந்தது. ஒரு இறகு பறந்து வந்து டிம்ஸின் உதட்டில் ஒட்டிக்கொள்ள, அவர் வசனத்தின் நடுவே தூ தூ என்று துப்பினார். கரண்டி கீழே விழுந்தது. அதை எடுத்துக்கொடுக்க எம்பிய, மேசைக்கு அடியில் ஒளிந்து பொம்மைக்குள் கைவிட்டிருந்த மனிதரின் பளபளப்பான மொட்டைத் தலை, மேசைக்கு மேலே நிலவு மாதிரி எழுந்து, ஒரு நொடி நின்று, மறைந்தது. பிறகு தொலைபேசி அடித்தது. வழி சரியாகிவிட்டதாம். வண்டி கிளம்பியது. முடிந்தது.

அகதா பெட்டியை விட்டு ஓர் அடி வெளியே வைக்கவில்லை.

மொட்டைத் தலை எழுந்த அந்த நொடியில் தெல்மாவின் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. தடுக்க முடியவில்லை. அந்தத் தலையை அவளுக்குத் தெரியும்! பழைய வீட்டுச் சோபா, கணப்பு அடுப்பின் சூடு, பக்கத்தில் பெரில், இருவரும் இதே இடத்தில் உருண்டு உருண்டு சிரித்தது, பெரிலுக்கு விக்கல் எடுத்தது, அம்மா ஓடிவந்து அவள் முதுகில் அறைந்தது, எல்லாம் இத்தனை வருடம் எங்கேயோ விளக்குகளுக்கும் காற்றுக்கும் அடியில் நசுங்கிக் கிடந்து இப்போது எழுந்து உட்கார்ந்தது. கடைசி வரிசையில் யாரோ சாண்ட்விச்சை வாயில் வைத்துக்கொண்டே குலுங்கினார்கள். பெரில்தான். கூடத்தில் சிரித்தது அவர்கள் இரண்டு பேர் மட்டும். மற்றவர்கள் அடக்கம் செய்ய வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

திரைச்சீலை விலகியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கிளிஃபர்ட் எழுந்தார், தொண்டையைச் செருமினார், வகுப்பில் வரைபடத்துக்கு முன்னால் நிற்பவரைப் போல நின்றார்.

"நண்பர்களே, மனசைத் தளர விடாதீங்க. இது கப்பலுக்குப் போன பிரதி. நடுக்கடல்ல இருக்கற பிள்ளைங்களுக்குப் புயல், பனி, வழி தப்பிப் போறது, இதையெல்லாம் காட்டுவாங்களா? பயந்துடாதுங்களா? வெட்டியிருப்பாங்க. விளக்கு எங்கே? ஊர் சனம் எங்கே? அத்தனையும் வெட்டிட்டு, இடத்தை ரொப்ப இந்த ஸூப்பை வச்சிருக்காங்க."

கூடத்தில் உயிர் வந்தது. "நான் அப்பவே நினைச்சேன்!" என்றது ஒரு குரல். "ஒரு எடத்துல வெட்டி ஒட்டினது தெரிஞ்சுது, நான் பார்த்தேன்," என்றது இன்னொன்று.

நெவிலுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க மாமா வெட்டுற ஆளு இல்லைங்க. காலண்டர் தாளையே நேரா கிழிக்கத் தெரியாது அவருக்கு."

"உங்க மாமாவை யாரு சொன்னா? அவர் கைக்கு வர்றதுக்கு முன்னாலேயே வெட்டிட்டாங்க. அதான் தெல்மா இருக்காங்களே, கேட்டுடுவோம். நீங்க சொல்லுங்க தெல்மா. நீங்க பார்த்தது இது இல்லைதானே?"

எல்லாரும் திரும்பினார்கள். தலையை ஆட்டினால் போதும். அவளுடைய மதியம், அவளுடைய கேக், அவளுடைய கோட்டு, எல்லாம் பத்திரம். தலையைக் கூட முழுசாக ஆட்ட வேண்டாம்.

தெல்மா எழுந்து நின்றாள். அவள் எழுந்து நின்று பேசி யாரும் பார்த்ததில்லை.

"இதேதாங்க. நான் பார்த்தது இதுதான். அந்த மொட்டைத் தலை நல்லா ஞாபகம் இருக்கு. நான் சொன்னதெல்லாம்... எப்படி வந்துதுன்னு தெரியல. வாத்து வெளியிலயே போகலீங்க."

சொல்லிவிட்டாள். கூடம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது.

"தண்ணி குடுங்க யாராவது," என்றார் கிளிஃபர்ட். "பாவம், கலங்கிப் போயிட்டாங்க. யாரா இருந்தாலும் கலங்கத்தான் செய்வாங்க."

"இல்லீங்க, நான் நல்லாத்தான்..."

"தெல்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு அப்ப ஏழு வயசு. ஏழு வயசுல பார்த்ததை வச்சுக்கிட்டு இவ்வளவு உறுதியாச் சொல்லலாமா?"

இத்தனை வருடமும் அதே ஏழு வயதின் பேச்சைத்தான் வேதமாகக் கேட்டார்கள். அவள் சொன்னதில் அவர்கள் சந்தேகப்பட்ட முதல் வார்த்தை, உண்மையான முதல் வார்த்தை.

"யோவ் கிளிஃபர்ட்," என்று பின்னாலிருந்து பெரில் கத்தினாள், "நானும்தான் பார்த்தேன். விக்கல் எடுத்து செத்துப் பொழச்சேன். அந்த வழுக்கை எனக்கும் ஞாபகம் இருக்கு."

"பெரிலம்மா, நீங்க உறுப்பினர் இல்லை."

"கேக்குக்கு மட்டும் உறுப்பினரோ?"

"கேக்கு எல்லாருக்கும் பொதுங்க."

கை தூக்கச் சொன்னார்கள். வெள்ளைக் கையுறைகள் கூடம் முழுக்க எழுந்தன. 'பனியில் நின்ற வண்டி' இன்னும் கிடைக்கவில்லை என்று தீர்மானம் ஆயிற்று. உடனே எல்லாருக்கும் பசித்தது. சாண்ட்விச் தட்டு மளமளவென்று காலியாயிற்று. சவ வீட்டிலிருந்து கல்யாண வீட்டுக்கு வந்தவர்களைப் போலச் சிரித்துப் பேசினார்கள். இன்னும் தேடலாம், இன்னும் பழைய சாமான் விற்பனைகளுக்குப் போகலாம், இன்னும் டப்பாக்களை மோந்து பார்க்கலாம். இதைவிட வேறென்ன வேண்டும்?

"ஒரு தடவை சொல்லுங்க தெல்மா," என்றார் கிளிஃபர்ட், முதல் துண்டுக் கேக்கை அவளிடம் நீட்டி. "இந்த ஸூப்பு மனசை விட்டுப் போகணும். உண்மையானதைச் சொல்லுங்க."

தெல்மா என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? உண்மையை ஒரு தடவை எழுந்து நின்று சொன்னவள். அது விலை போகவில்லை. நீங்களாக இருந்தால் இரண்டாவது தடவையும் சொல்வீர்களா, இல்லை கேக்கை வாங்குவீர்களா?

வாங்கினாள். சொன்னாள். இதுவரை சொன்னதிலேயே அதுதான் மிக நன்றாக அமைந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். விளக்கு வந்த இடத்தில் அவள் மனதில் விளக்குக்குப் பதிலாக அந்த மொட்டைத் தலை எழுந்துவிட்டது. சிரிப்பை அடக்கப்போய் குரல் நடுங்கியது. நடுங்கிய குரலைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்ஜினியர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். பெரில் மட்டும் எழுந்து தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் தோள்கள் ஆடியதைத் தெல்மா பார்த்தாள்.

சிரித்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் சின்ன வயதில் ஒரு கடையில் தின்ற ஏதோ ஒன்றின் ருசி இப்போது எங்கேயும் இல்லை என்று நீங்கள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அந்தக் கடை அதே தெருவில் இன்னும் திறந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் ஏன் பேச்சை மாற்றுகிறீர்கள்? பள்ளியில் உங்களோடு படித்த அந்த அற்புதமான சிநேகிதனைப் பற்றி, பக்கத்து ஊரில்தான் இருக்கிறான் என்று தெரிந்தும், அவனைப் போய்ப் பார்க்காமல் ஏன் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள்? உங்கள் கோட்டுப் பையைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். கையுறை தட்டுப்படுகிறதா?

படச்சுருள் இப்போது மோர்கமில் நெவிலிடம் இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் தெல்மாவும் பெரிலும் ரயிலேறிப் போகிறார்கள். நெவில் சுவரில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு அதைப் போட்டுக் காட்டுகிறார். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். இதைச் சங்கத்தில் யாரிடமும் சொல்வதில்லை. சங்கம் தேடிக்கொண்டிருக்கிறது.